வாசற்படியில் வளர்ந்த குடியாட்சி

மேடைப் பேச்சுகளைத் தொகுத்து நூலாக்குவோர் உளர். பாராளுமன்ற உரைகளை அச்சிட்டுக் காப்போரும் உளர். கையில் ஒரு பட்டியலும் பென்சிலும் ஏந்தித் தெருத்தெருவாய் நடந்து, மூடிய கதவைத் தட்டி, வீட்டுக்காரர் வெளியே வரும்வரை வெயிலில் காத்து நின்ற தொண்டர்களைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. தேர்தல் வரலாற்றில் அவர்களுக்கு உரிய பக்கம் தமிழில் இன்னும் சரிவர எழுதப்படவில்லை என்பது என் எண்ணம்.

நான் கட்சி சார்ந்தவன் அல்லேன். தோட்டப் பள்ளியொன்றின் தலைமையாசிரியன். எந்தச் சின்னத்துக்கும் வாக்குக் கேட்க இதனை எழுதவில்லை. ஆயினும் கதவு தட்டும் வேலை எனக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்காக நானும் என் உடனாசிரியர்களும் எஞ்சியுள்ள லயங்களுக்கும், தோட்டத்தை விட்டுப் பெயர்ந்தோர் குடியேறிய தாமான்களுக்கும் நடையாய் நடக்கிறோம். மாணவர் தொகை குன்றிய பள்ளிக்கு ஒரு பிள்ளை கூடுவதும் குறைவதும் எத்தகைய செய்தி என்பதைத் தமிழாசிரியர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வாறு நடந்து களைத்த ஒரு மாலைப் பொழுதில், இவ்வேலையை முதன்முதல் ஒழுங்குறச் செய்தவர் யாவர், எவ்வாறு செய்தனர் என்னும் கேள்வி எழுந்தது. விடையைத் தேடிச் சென்றபோது இங்கிலாந்தின் தேர்தல் வரலாற்றில் போய் நின்றேன். மலாயா பெற்ற தேர்தல் முறைக்கு மூலம் அந்நாடே ஆதலின், அவ்வரலாறு நமக்கும் முற்றிலும் அயலானது அன்று.

சீமாட்டியும் கசாப்புக் கடைக்காரரும்

வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்பது மிகப் பழைய வழக்கம். ஆனால் பழங்காலத்தில் அது தொண்டர் வேலையாக இருக்கவில்லை. பெரிய மனிதர் வேலையாக இருந்தது. நிலக்கிழார் தம் குடியானவனின் வாசலில் குதிரையை நிறுத்தி, "உன் வாக்கு யாருக்கு?" என்று கேட்பார். வாக்கு அந்நாளில் வெளிப்படையாக அளிக்கப்பட்டது. யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை ஊரே அறியும். ஆகவே அக்கேள்வி வேண்டுகோளின் வடிவில் வந்த கட்டளையாகவே இருந்தது.

1784-ஆம் ஆண்டில் இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் போட்டியிட்டார். அவருக்காக டெவன்ஷயர் கோமகள் ஜார்ஜியானா கடைவீதிகளில் இறங்கி வாக்குக் கேட்டார். கசாப்புக் கடைக்காரர் ஒருவருக்கு முத்தம் கொடுத்து வாக்கு வாங்கினார் என்று எதிர்க்கட்சியார் கதை கட்டினர். கேலிச் சித்திரங்கள் அச்சாகித் தெருவில் விற்றன. வாக்குப்பதிவு ஏறத்தாழ 40 நாள் நீடித்தது. இரண்டு இடங்களுள்ள அத்தொகுதியில் ஃபாக்ஸ், தமக்கு அடுத்து நின்றவரை 236 வாக்குகளால் முந்தி இரண்டாம் இடத்தைப் பெற்றார். கோமகளின் துணிவு பாராட்டத்தக்கதே. எனினும் அங்கே கதவைத் தட்டியது செல்வாக்கு. பொதுமக்களின் அமைப்பு எதுவும் அதன்பின் இல்லை.

பணம் நடந்த தெருக்கள்

1872-ஆம் ஆண்டில் இரகசிய வாக்குச் சட்டம் வந்தது. இனி இலஞ்சம் ஒழியும் என்று நல்லோர் நம்பினர். இலஞ்சம் ஒழியவில்லை. 1880-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வேட்பாளர்கள் கணக்குக் காட்டிய செலவே 17 இலட்சம் பவுனுக்கு மேற்பட்டது. கணக்கில் வராதது எவ்வளவோ!

அப்பணம் எவ்வாறு செலவாயிற்று என்பது அறியத்தக்கது. வாக்காளர்களையே "தூதுவர்", "எழுத்தர்", "வாக்குத் திரட்டுவோர்" என்னும் பெயர்களில் கூலிக்கு அமர்த்தினர். வேலை பெயரளவில், கூலி கையளவில். சாராயக் கடைகளைத் தேர்தல் குழு அறைகளாக வாடகைக்கு எடுத்தனர். வாடகை கடைக்காரருக்கும் குடி வாக்காளருக்கும் சேர்ந்தன. வாக்காளரைச் சாவடிக்கு ஏற்றிச் செல்ல வண்டி வாடகை என்று மற்றொரு பெருஞ்செலவு. கூலிக்குக் கதவு தட்டியவன் எந்தக் கட்சியின் கொள்கையையும் அறிந்திருக்க வேண்டுவதில்லை. அன்றைய கூலி யார் தருகிறார் என்பதை அறிந்திருந்தால் போதும். ஊழல் மிகுந்த ஊர்களில் அரச விசாரணைக் குழுக்கள் அமர்ந்தன. சேண்ட்விச், மேக்கிள்ஸ்ஃபீல்டு ஆகிய இரு நகரத் தொகுதிகள் 1885-ஆம் ஆண்டில் தம் உறுப்பினர் உரிமையையே இழந்தன.

கூலி போயிற்று, தொண்டு வந்தது

இந்நிலையில்தான் 1883-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புத் தேர்தல் சட்டம் பிறந்தது. கிளாட்ஸ்டன் அமைச்சரவையில் தலைமை வழக்குரைஞராக இருந்த சர் ஹென்றி ஜேம்ஸ் அதனை வகுத்து நிறைவேற்றினார். அச்சட்டம் ஒவ்வொரு தொகுதிக்கும் செலவு வரம்பு கட்டியது. 2,000 வாக்காளர் வரையுள்ள நகரத் தொகுதியில் இங்கிலாந்து வேட்பாளர் ஒருவர் 350 பவுனுக்கு மேல் செலவிடலாகாது. கூலிக்கு அமர்த்தக்கூடிய எழுத்தர், தூதுவர் ஆகியோரின் தொகையும் வரையறுக்கப்பட்டது. வாக்காளரை ஏற்றிச் செல்ல வண்டி வாடகை கொடுத்தல் குற்றமாயிற்று. சாராயக் கடையில் குழு அறை வைப்பது தடுக்கப்பட்டது. கூலிக்கு ஆள் வைத்து வாக்குத் திரட்டும் வழியும் அடைபட்டது. இத்தடை அந்நாட்டில் இன்றும் சட்டமாக நிற்கிறது. செலவுக்கு வரம்பு கட்டும் அதே கோட்பாடு 1954-ஆம் ஆண்டில் மலாயாவில் இயற்றப்பட்ட தேர்தல் குற்றச் சட்டத்திலும் இடம்பெற்றது.

பயன் விரைவிலேயே தெரிந்தது. 1884-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் வாக்காளர் தொகை ஏறத்தாழ 30 இலட்சத்திலிருந்து 50 இலட்சத்துக்கு மேல் உயர்ந்தது. அப்படியிருந்தும் 1885-ஆம் ஆண்டுத் தேர்தல் செலவு 10 இலட்சம் பவுனை ஒட்டி இறங்கி நின்றது. வாக்காளர் பெருகினர், பணம் சுருங்கியது, கூலியாள் மறைந்தான். இத்தனை இலட்சம் கதவுகளை இனித் தட்டுவது யார்? கூலி இல்லாமல் வரக்கூடியவர் மட்டுமே. இவ்வாறு, தொண்டர் என்னும் புதிய மனிதரை அரசியலின் மையத்துக்கு அழைத்து வந்தது ஒரு செலவு வரம்பு. நற்பண்பு தானே மலரும் என்று காத்திராமல், தீய வழியை அடைத்ததால் நல்ல வழி திறந்தது என்பதே இதில் நாம் காணும் உண்மை.

வாக்கில்லாதார் திரட்டிய வாக்கு

வந்த தொண்டர்களுள் பெரும்பங்கினர் யாவர் என்று பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. அவர்கள் பெண்கள்! பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை இங்கிலாந்துப் பெண்களுக்கு 1918-ஆம் ஆண்டு வரை இல்லை. அவ்வாண்டிலும் 30 வயது நிரம்பியவருள் தகுதியுடையோர்க்கே கிடைத்தது. ஆண்களோடு ஒத்த உரிமை 1928-ஆம் ஆண்டில்தான் வந்தது. தமக்கு வாக்கு இல்லாதவர்கள் பிறர் வாக்கைத் திரட்டினர்.

1883-ஆம் ஆண்டின் இறுதியில் பழைமைக் கட்சியாரின் துணை அமைப்பாகப் பிரிம்ரோஸ் சங்கம் தோன்றியது. லார்டு ராண்டால்ஃப் சர்ச்சில் அதன் நிறுவனர்களுள் ஒருவர். 1885-ஆம் ஆண்டில் அவர் இந்திய அமைச்சராக நியமனம் பெற்றதால், அந்நாளைய விதிப்படி மீண்டும் தேர்தலில் நிற்க வேண்டியதாயிற்று. அவர் இலண்டனில் இருக்க, உட்ஸ்டாக் தொகுதியில் வாக்குத் திரட்டும் பொறுப்பை அவருடைய மனைவி ஜென்னியும் குடும்பத்துப் பெண்களும் ஏற்றனர். குதிரை வண்டியேறி ஊர் ஊராகச் சென்று வென்று காட்டினர். பின்னாளில் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சிலின் தாயாரே இந்த ஜென்னி.

பிரிம்ரோஸ் சங்கம் ஊர்தோறும் கிளை கண்டது. 1891-ஆம் ஆண்டளவில் அதன் உறுப்பினர் தொகை 10 இலட்சத்தை எட்டியது. கிளைப் பெண்கள் தத்தம் தெருக்களை அறிந்தவர்கள். யார் இறந்தார், யார் வீடு மாறினார், எந்தப் பெயர் பட்டியலில் விடுபட்டது என்பதை அவர்கள் ஆண்டு முழுவதும் குறித்து வந்தனர். தேர்தல் அறிவிப்பு வந்தபின் ஓடத் தொடங்கும் அமைப்பாக அது இருக்கவில்லை. முற்போக்குக் கட்சியினரும் 1887-ஆம் ஆண்டில் பெண்கள் கூட்டமைப்பு ஒன்றை நிறுவி அதே வழியில் சென்றனர். வாக்குக் கேட்கத் தகுதியுடையவள் வாக்களிக்கத் தகுதியற்றவள் ஆவது எங்ஙனம் என்ற வினா இதிலிருந்தே கூர்மை பெற்றது. உரிமைப் போருக்கு வேண்டிய ஒரு வாதம் வாசற்படியில் கிடைத்தது.

விரல்விட்டு எண்ணிய வெற்றி

1892-ஆம் ஆண்டுத் தேர்தல் இந்தியர்களுக்கு நெருக்கமானது. பம்பாயில் பிறந்த தாதாபாய் நவரோஜி அவ்வாண்டில் இலண்டனின் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் நின்றார். 1886-ஆம் ஆண்டில் ஹோல்பர்ன் தொகுதியில் தோற்றவர் அவர். ஆங்கிலத் தொகுதி ஒன்று "கறுப்பு மனிதர்" ஒருவரைத் தேர்ந்தெடுக்காது என்ற பொருளில் பிரதமர் சாலிஸ்பரி 1888-ஆம் ஆண்டில் பேசியது நாடெங்கும் பெருஞ்சர்ச்சை ஆயிற்று. அப்பேச்சுக்குத் தொகுதி மக்களே விடை சொன்னார்கள். ஏறத்தாழ 6,000 வாக்குகள் பதிவாயின. எண்ணி முடித்தபோது நவரோஜி முந்தியது ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும் வாக்குகளால்!

இவ்வெற்றிக்குக் காரணங்கள் பல. ஆனால் இந்த எண்ணிக்கை தொண்டர்களுக்குச் சொல்லும் பாடம் ஒன்றே. அந்தத் தொகுதியில் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு வீட்டில், மாலையில் களைத்து வந்த தொழிலாளி ஒருவர் "நாளை பார்க்கலாம்" என்று படுத்திருக்கக்கூடும். அத்தகைய நால்வரோ ஐவரோ எழுந்து சென்று வாக்களித்திராவிட்டால், பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இந்தியாவின் வறுமையைப் பேசிய அக்குரல் அன்று எழுந்திராது. 1895-ஆம் ஆண்டுத் தேர்தலில் நவரோஜி தோற்றார் என்பதையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும்.

பட்டியலின் மாண்பு

தொண்டர் வந்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. நூறு பேரைத் தெருவில் விட்டால் ஒரே வீட்டுக்கு மூவர் செல்வர். அடுத்த தெருவுக்கு ஒருவரும் செல்லார். ஆகவே இவ்வேலையின் உயிர்நாடி பட்டியல். இதனை அட்லாண்டிக்குக்கு அப்பால் நெடுநாள் முன்பே உணர்ந்தவர் ஒருவர் உண்டு. அவர் ஆபிரகாம் லிங்கன். 1840-ஆம் ஆண்டில் 30 வயது இளைஞராக இல்லினாய் மாநிலத்தில் விக் கட்சியின் குழுவில் இருந்தபோது, கட்சியாருக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் அவர் பங்கு கொண்டார். அதன் சாரம் இதுவே: மாவட்டத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரியுங்கள், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு துணைக்குழு வையுங்கள், எல்லா வாக்காளர் பெயரும் அடங்கிய முழுப் பட்டியல் எழுதுங்கள், யார் எப்பக்கம் என்று உறுதியாக அறியுங்கள், ஐயத்துக்குரியவர்களிடம் அவர்கள் பெரிதும் நம்பும் மனிதரைப் பேச விடுங்கள், தேர்தல் நாளில் நம்மவர் ஒவ்வொருவரும் சாவடிக்கு வருமாறு செய்யுங்கள். திட்டம் சிறந்ததே. ஆயினும் அவ்வாண்டில் விக் கட்சி நாடளவில் வென்றும் இல்லினாயில் தோற்றது. ஒழுங்கு வெற்றிக்குத் துணையே தவிர உறுதிமொழி ஆகாது.

இம்முறையை மேலும் செப்பம் செய்தவர் இங்கிலாந்தின் ஐயன் மிக்கார்டோ. 1945-ஆம் ஆண்டுத் தேர்தலில் ரெடிங் நகரில் தொழிற்கட்சிக்காக நின்று வென்றவர். அவருடைய முறை "ரெடிங் முறை" என்றே பெயர் பெற்றது. தேர்தலுக்கு முன்னரே தொண்டர்கள் வீடுதோறும் சென்று ஆதரவாளர்களைக் கண்டறிவர். அப்பெயர்கள் தெருவாரியாக, அடியில் கரித்தாள் வைத்த பல படிகளாக எழுதப்படும். வாக்கு நாளில் சாவடி வாயிலில் நிற்பவர் வாக்களித்தவரின் பட்டியல் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். ஓடுபவர் ஒருவர் அவ்வெண்களைக் குழு அறைக்குக் கொண்டு வருவார். அங்கே மேசைமேல் விரித்த தாள்களில் அவ்வெண்களுக்குரிய பெயர்கள் அடிக்கப்படும். பின்னர் மேல் தாளைக் கிழித்துக் கதவு தட்டுவோரிடம் கொடுப்பர். அடிபடாத பெயர் இருக்கும் வீட்டுக்கு மட்டும் அவர்கள் செல்வர். அடுத்த சுற்றுக்கு அடுத்த தாள். அதற்குள் மேலும் பல பெயர்கள் அடிபட்டிருக்கும். வாக்களித்து முடித்தவரை மறுபடியும் தொல்லை செய்ய வேண்டுவதில்லை. வராதவரை மறந்து விடவும் வழியில்லை.

மிக்கார்டோ 1950, 1951, 1955 ஆகிய ஆண்டுகளிலும் அந்நகரில் வென்றார். அவற்றுள் பின்னிரண்டிலும் நாடளவில் தோற்றது அவர் கட்சி. 1959-ஆம் ஆண்டில் அவரும் தோற்றார். எனினும் அவர் முறையைக் கட்சிகள் கைவிடவில்லை. கணிப்பொறி வந்தபின்னும் அடிப்படை அதுவே.

இம்முறையில் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது நம் வருகைப் பதிவேடே. காலையில் பெயர் அழைத்து, வராத பிள்ளை யார் என்று கண்டு, அப்பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் ஆள் அனுப்புகிறோம் அல்லவா? பெரட்டுக் களத்திலும் பெயர் அழைத்தார்கள். ஆனால் அங்கே வராதவனுக்குக் கூலி வெட்டு. பள்ளியில் வராத பிள்ளைக்கு விசாரிப்பு. தேர்தல் தொண்டர் கையிலுள்ள பட்டியல் இவ்விரண்டில் எதனைப் போன்றது என்பதே அவர் தட்டும் கதவின் மானத்தைக் காப்பதும் கெடுப்பதும்.

பட்டியலுக்கு நோய் ஒன்று உண்டு. அது பொய்க்குறி. மரியாதைக்காகப் புன்னகைத்தவரை "நம்மவர்" என்று தொண்டர் எழுதிவிடுவார். இதில் என் சொந்தப் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த புதிதில், பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கத் தோட்டத்து இளைஞர் இருவரை அனுப்பினேன். ஒரே மாலையில் 80 வீடுகள் என்று கணக்குக் கொடுத்தேன். இருட்டுமுன் நிறைவான பட்டியலோடு திரும்பினார்கள். மகிழ்ந்து போனேன். பள்ளி திறந்த நாளில்தான், பட்டியலில் பாதி ரப்பர் மரத்தடியில் அமர்ந்து எழுதப்பட்டது என்று தெரிந்தது. அவர்கள்மேல் சினந்தேன். பின்னர் ஆற அமர எண்ணிப் பார்த்தபோது, இரண்டு பேர் ஒரு மாலையில் செய்ய முடியாததை நான் கேட்டிருந்தேன் என்பது புரிந்தது. மேல் இருப்பவர் முடியாததைக் கேட்டால் கீழ் இருப்பவர் பொய்யைத் தருவார். அதன்பின் ஒருவருக்குப் பதினைந்து வீடு. புதியவரோடு பழகியவர் ஒருவர். "வீட்டில் ஆளில்லை" என்று எழுதுவது குற்றமில்லை என்னும் அறிவுரை. இம்மூன்றையும் இன்றுவரை கைவிட்டதில்லை.

கதவு தட்டுவதால் பயன் உண்டா?

இத்தனை நடைக்கும் பயன் உண்டா என்பதை ஆராய்ந்தவர்கள் உளர். 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்னும் அறிஞர் இருவர் ஏறத்தாழ 30,000 வாக்காளர்களைக் கொண்டு சோதனை செய்தனர். குலுக்கல் முறையில் சிலர் வீட்டுக்கு ஆள் சென்றார். சிலருக்கு அஞ்சல் சென்றது. சிலருக்குத் தொலைபேசி அழைப்பு. முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நேரில் சந்திக்கப்பட்டவர்களிடையே வாக்களித்தோர் வீதம் நூற்றுக்கு 9 அளவில் உயர்ந்தது. அஞ்சலால் சிறிதளவே உயர்ந்தது. தொலைபேசியால் உயர்வு காணப்படவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. 2018-ஆம் ஆண்டில் ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் ஆகிய இருவர் 49 கள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். பொதுத் தேர்தலில் பிரசாரத்தால் மக்கள் ஒரு கட்சியிலிருந்து மறு கட்சிக்கு மனம் மாறுவது சராசரியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று கண்டனர். இவ்விரு முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் வரலாறு காட்டிய உண்மையே மீண்டும் தெளிவாகிறது. வாசலில் நின்று வாதாடி வெல்வது அரிது. ஏற்கெனவே மனம் இசைந்து, சோம்பலாலோ மறதியாலோ, தன் ஒரு வாக்கால் என்ன ஆகும் என்ற சோர்வாலோ வீட்டில் இருந்துவிடும் மனிதரை எழுப்பி வரச்செய்வதே இவ்வேலை. லிங்கனின் பட்டியலும் ரெடிங் தாளும் இதற்காகவே எழுதப்பட்டன.

நமக்கு உரிய பாடம்

ஆகவே தொண்டரைத் திரட்டும் பொறுப்பேற்போர், எவ்வகைப் பணிக்காயினும், சில செய்திகளை மனத்தில் இருத்துதல் நலம். கூலிக்கு வருபவரைக் காட்டிலும் அத்தெருவில் வாழ்பவர் மேல். அவரை வீட்டார் பெயர் சொல்லி அழைப்பர். ஒருவரால் முடியும் அளவே வீடுகளைக் கொடுக்க வேண்டும். ஐயமுள்ளதை ஐயம் என்றே எழுதும் நேர்மையைப் பாராட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவு திறப்பவரின் சம்மதம் அவருடைய சொத்து. இரகசிய வாக்குச் சட்டம் அதனை அவர் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. "சொல்ல விருப்பமில்லை" என்று அவர் கூறினால் வணங்கி விடைபெறுதலே முறை.

வரும் பள்ளி விடுமுறையில் நாங்கள் மீண்டும் லயங்களுக்குச் செல்லவிருக்கிறோம். தமிழ்ப்பள்ளிக்கு அனுப்ப மனமில்லாத பெற்றோரோடு வாதாடி வென்றது என் முப்பதாண்டுப் பணியில் மிகச் சில முறையே. ஆனால் அனுப்ப விரும்பியும் பிறப்புச் சான்று கிடைக்காமலோ, பதிவு நாள் தெரியாமலோ, வேன் கட்டணத்துக்கு அஞ்சியோ வாளாவிருந்த வீடுகள் பல. அவ்வீடுகளின் கதவை யாரேனும் ஒருவர் தட்டியாக வேண்டும். பட்டியலை எழுதத் தொடங்கிவிட்டேன்; இம்முறையும் ஒருவருக்குப் பதினைந்து வீடுதான்.